துன்பம் வரட்டும் என்று கேட்ட குந்தி

போர் முடிந்து, தருமனுக்கு அரசும் கிடைத்துவிட்டது. கண்ணன் துவாரகைக்குக் கிளம்புகிறான். அந்த நேரத்தில் குந்தி அவனிடம் கேட்பதைப் பாகவதத்தின் முதல் கந்தம் சொல்கிறது: எங்களுக்கு ஆபத்துகள் மீண்டும் மீண்டும் வரட்டும், அப்போதுதானே உன்னைப் பார்க்க முடிகிறது!

பக்தியின் உச்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கேட்டது யார்? பிள்ளைக்கு விஷம் வைக்கப்பட்டதையும், தங்கியிருந்த அரக்கு மாளிகை எரிந்ததையும் கண்டவள். பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். விலை தெரிந்துதான் கேட்கிறாள். ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நான் அதே சொற்களைச் சொன்னால் அது வெறும் வாய்ச்சவடால்.

எனக்கு எட்டுகிற வேண்டுதல் ஒன்று விவிலியத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவின் சீடர்களான பேதுருவையும் யோவானையும் எருசலேமின் மதத் தலைவர்கள் பிடித்து ஓர் இரவு காவலில் வைத்து, இனி இயேசுவின் பெயரால் பேசக் கூடாது என்று மிரட்டி அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் கூட்டத்தாரோடு சேர்ந்து வேண்டுகிறார்கள். மிரட்டியவர்களைக் கடவுளிடம் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் எங்களைக் காப்பாற்று என்ற சொல் அங்கே இல்லை. முழுத் தைரியத்தோடு பேச அருள வேண்டும் என்றே கேட்கிறார்கள். அதாவது, எந்தப் பேச்சுக்காக மாட்டிக்கொண்டார்களோ அதையே தொடர்வதற்கு!

கடவுளிடம் நிம்மதிக்குப் பதிலாகச் சவாலைக் கேட்பது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு துன்பத்தை வரவழைக்க வேண்டியதில்லை. செய்தாக வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த காரியத்திலிருந்து என்னைத் தப்பிக்க விடாதே என்று கேட்டால் போதும்.

பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பிக்காக ஒருவர் வேண்டுகிறார்: "அவனுக்கு நல்ல புத்தியைக் கொடு." இதில் வேலை முழுக்கத் தம்பிக்கும் கடவுளுக்கும்தான். வேண்டியவர் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். அதையே, "நாளை நானே அவனைக் கூப்பிடுகிறேன். எடுத்தெறிந்து பேசினாலும் போனை வைத்துவிடாத பொறுமையைக் கொடு" என்று மாற்றிச் சொல்லிப் பார்க்கட்டும், தொண்டை வறண்டுவிடும். முதல் வேண்டுதல் பலிக்காவிட்டால் கடவுளைக் குறை சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதில் நாளை விடிந்ததும் போனைக் கையில் எடுத்தாக வேண்டும். நம்மில் பலர் இப்படி வேண்டத் தயங்குவது, பலிக்காது என்பதால் அல்ல. பலித்துவிட்டால் என்ன செய்வது என்பதால்தான்.

நிம்மதியைக் கேட்பது கோழைத்தனம் என்று சொல்ல வரவில்லை. பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, கூடுமானால் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் துன்பம், என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார். உமது சித்தப்படியே ஆகட்டும் என்பது அதற்குப் பிறகு வந்தது. அந்த முதல் பாதியைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களின் வீரத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இன்னொன்று. சவாலை அவரவர் தமக்குத்தான் கேட்டுக்கொள்ளலாம். நோயில் கிடப்பவரின் கட்டிலருகே நின்று, "தாங்கக்கூடியவருக்குத்தான் கடவுள் சோதனை கொடுப்பார்" என்று தத்துவம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் அதைக் கேட்டாரா? அவருக்காக நான் வேண்டுவதெல்லாம் வலி குறைய வேண்டும், இன்று இரவாவது தூக்கம் வர வேண்டும் என்பதுதான்.