"மேட்ச்டு, டெஸ்டட்" என்று எழுதினால் ஆயிற்றா? கசிவை யார் அளப்பது?

சின்ன ஜிப் கவர். உள்ளே இரண்டு பழைய ஏசி 128, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலுக்கான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். கவர் மேல் மார்க்கரில் "70 / 120, மேட்ச்டு, டெஸ்டட்". 70, 120 என்பது ஒவ்வொன்றின் கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இந்த எழுத்துக்குத்தான் காசு. அதே காசுக்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர் கைநிறைய அள்ளிக்கொண்டு வரலாம்.

எதை வைத்து டெஸ்ட் செய்தீர்கள் ஐயா? மல்டிமீட்டரில் கால் செருக ஓட்டை இருக்கிறதே, அதில் செருகி, திரையில் வந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டீர்கள். அவ்வளவுதான் உங்கள் டெஸ்ட்.

அந்த ஓட்டை சிலிக்கானுக்காக வைத்தது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: பேஸ், கலெக்டர், எமிட்டர். பேஸுக்குக் கொடுக்கிற சின்ன மின்சாரம்தான் மற்ற இரண்டுக்கும் நடுவில் பெரிய மின்சாரத்தை ஓடவிடும். ஜெர்மானியத்தில் பேஸுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். மீட்டருக்கு அது தெரியாது, கசிவையும் கெயின் என்று கூட்டிச் சொல்லிவிடும். பல மீட்டர்கள் பேஸுக்குக் கொடுப்பது ஏறத்தாழ 10 மைக்ரோஆம்பியர். கசிவு 500 மைக்ரோஆம்பியர் என்றால் கெயினில் 50 பொய்யாகச் சேரும். அதாவது நிஜமாகவே 70 உள்ள ஓட்டை டிரான்சிஸ்டர் மீட்டரில் 120 காட்டும். ஃபஸ் ஃபேஸுக்கு இரண்டாவது இடத்தில் எல்லோரும் தேடுகிற எண் அதேதான்! குப்பைக்குப் போகவேண்டியது மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நிற்கிறது.

ஃபஸ் ஃபேஸ் ஒன்றும் மன்னிக்கிற சர்க்யூட் இல்லை. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்டபோதும் இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு கைப்பிடி உதிரிப் பாகங்கள். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம். அதில் ஓடுவது மொத்தமே கால் மில்லியாம்பியர், அதாவது 250 மைக்ரோஆம்பியர். கசிவே 300 என்றால் அந்த டிரான்சிஸ்டருக்கு வேறு வேலை செய்ய என்ன மிச்சம்? அதன் கலெக்டர் கீழே போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது டிரான்சிஸ்டர் அடைந்துபோகும், அதன் கலெக்டர் நான்கரை வோல்ட்டில் நிற்காமல் ஒன்பதை நோக்கி ஏறும். மெதுவாக மீட்டினால் சத்தமே இல்லை, ஓங்கி மீட்டினால் புர்ர்ரென்று வந்து பாதியில் அறுந்துவிடும். உடனே "விண்டேஜ் கேரக்டர்" என்று ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர் நிற்கவேண்டிய வோல்ட் நிலை, செத்துக் கிடக்கிறது, இதில் கேரக்டர் வேறு.

சரியாக அளக்க ஆகிற செலவு என்ன? ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 2.2 மெகா ஓம், ஒரு புஷ் பட்டன், தொடராக ஒரு 2.2 கிலோவும் 270 ஓமும். ஏசி 128 பிஎன்பி வகை என்பதால் எமிட்டரைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். கலெக்டரிலிருந்து அந்த 2.47 கிலோ வழியாக மைனஸ். மீட்டரை அந்த 2.47 கிலோவின் குறுக்கே வையுங்கள். பட்டனை அழுத்தாமல் வருவது கசிவு, 0.25 வோல்ட் என்றால் 100 மைக்ரோஆம்பியர். பட்டன் வழியாக 2.2 மெகாவை பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் சேர்த்தால் வோல்ட் ஏறும். ஏறிய அளவை நூறால் பெருக்கினால் நிஜக் கெயின். மேலே சொன்ன போலி 120 இதில் முதலில் 1.24, அழுத்தியதும் 1.94 காட்டும். கழித்துப் பாருங்கள், 70. ஒரு கழித்தல் கணக்கு போடச் சோம்பேறித்தனம், அதற்குப் பெயர் மேட்ச்டு!

அளக்கும்போதும் விரலால் பிடித்துக்கொண்டே அளப்பவர்கள் உண்டு. விரல் சூடே போதும், எண் ஏறிக்கொண்டே போகும். சாக்கெட்டில் செருகிவிட்டுக் கையை எடுத்து, எண் நிலைக்கும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை கசிவு இரட்டிப்பாகும். 25 டிகிரி ஏசி அறையில் 100 காட்டியது, சென்னையின் மே மாத மாலையில் 40 டிகிரி மேடையில் 280 பக்கம் போய் நிற்கும். கவரில் வெப்பநிலை எழுதுகிற விற்பனையாளர் எத்தனை பேர்?

போலிகள் தனிக் கதை. சிலிக்கானின் மேல் எழுத்தைச் சுரண்டி, பழைய ஃபஸ் ஃபேஸில் இருந்த ஜெர்மானியமான என்கேடி 275 என்று அச்சடிக்கிறார்கள். மீட்டரின் டயோடு நிலையில் பேஸ்–எமிட்டர் பாருங்கள்: ஜெர்மானியம் 0.2, 0.3 பக்கம் காட்டும், 0.6 வந்தால் ஆள் வேறு. ஓசி 71 மாதிரி கண்ணாடிக் குப்பியில் வருபவற்றின் கறுப்பு பெயிண்ட் உரிந்திருந்தால் வெளிச்சமே கசிவைக் கூட்டும். அந்த வகையைப் பெயிண்ட் இல்லாமல் ஓசிபி 71 என்று போட்டோ டிரான்சிஸ்டராகவே விற்றார்கள். ட்யூப்லைட்டுக்கு அடியில் உம்ம்ம் என்றால் கிரவுண்டைத் தேடாதீர்கள், ஒரு சொட்டுக் கறுப்பு பெயிண்ட் வையுங்கள்.

ரிப்பேர்காரர்களுக்கும் இருக்கிறது. பழைய பெடலில் ஃபஸ் குமிழைத் திருப்பினால் மாற்றமே இல்லையா? பெரும்பாலும் அந்தக் குமிழோடு சேர்ந்த 20 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். இன்புட்டில் உள்ள 2.2 மைக்ரோஃபாரட்டையும் சேர்த்து மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கவேண்டும். அதை விட்டுவிட்டு "டிரான்சிஸ்டர் போச்சு" என்று ஒரிஜினலைப் பிடுங்கி, காலில் சூட்டை இழுக்க ஒரு க்ரோகடைல் கிளிப்கூட மாட்டாமல் புதியதைச் சுடச்சுடப் பற்றவைத்து, கொண்டுவரும்போது இருந்த கசிவைவிட அதிகக் கசிவோடு திருப்பிக் கொடுக்கிறார்கள். சாக்கெட் வையுங்கள். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோ ஓம் இடத்தில் 20 கிலோ பிரீசெட் (திருகி மாற்றுகிற ரெசிஸ்டர்) போட்டு, அந்தக் கலெக்டரை நான்கரை வோல்ட்டுக்குத் திருப்புங்கள். அறை சூடு மாறினால் மறுபடி திருப்பிக்கொள்ளலாம்.

வாங்குபவரிடம் ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்புங்கள், இது பாசிட்டிவ் கிரவுண்ட், மற்ற பெடல்களில் கிரவுண்டில் மைனஸ் என்றால் இதில் பிளஸ் என்று. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் பேட்ச் கேபிளின் உறை வழியாகவே பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் பேட்டரி கிளிப் இருப்பது அழகுக்கு அல்ல.