எட்டு வாரம், சான்றிதழ் உண்டு

எந்த அறிவிப்பைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அதுதான். பயன்பாட்டு உளவியலில் இளநிலை மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, எட்டு வாரம், முழுநேரம், உதவித்தொகை கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. அதைக்கூடக் கண்டும் காணாமல் போயிருப்பேன். "உதவித்தொகை ஏதும் உண்டா ஐயா?" என்று பணிவாகக் கேட்ட ஒரு மாணவிக்கு வந்த பதில்தான் என்னை உட்காரவிடவில்லை. "கற்றுக்கொடுப்பதற்கு நீங்கள்தான் எங்களுக்குப் பணம் தர வேண்டும்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் எனக்குப் பாடம் எடுத்தவர்களும் உண்டு, என்னோடு படித்தவர்களும் உண்டு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு மாணவரிடம் கோடை முழுவதும் வேலை வாங்கினால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். பயிற்சி என்று பெயர் சூட்டினாலும் கொடுக்க வேண்டும்.

என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மணி நேர நேர்காணல் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத, புதியவருக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். எங்கே தயங்கினார், எங்கே பேச்சை நிறுத்தினார் என்பதையும் குறிக்க வேண்டும். பிறகு வினாத்தாள்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஐந்து என்றால் முழுச் சம்மதம், ஒன்று என்றால் சுத்தமாக இல்லை. "என் வேலை எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு ஒருவர் ஐந்து போட்டிருப்பார். "காலையில் வேலையை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது" என்பதற்கு ஒன்று போட்டிருப்பார். இரண்டாவதைத் திருப்பிப் போட்டுத்தான், அதாவது ஒன்றை ஐந்தாக்கித்தான், கூட்ட வேண்டும். மறந்தால், வேலையில் மனம் வெறுத்தவரும் மகிழ்ச்சியாக இருப்பவரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு கோப்பில் இருந்த தவற்றை இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்த நான்தான் கண்டுபிடித்தேன். வெளியான கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் "உதவிய மாணவர்களுக்கு நன்றி" என்று இருந்தது. அந்த மாணவர்களில் நானும் ஒருவர். சந்தோஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் இருபது நிமிடம் உட்கார்ந்து வினாத்தாள் நிரப்பியவர்களுக்கு ஒரு சிறு தொகை உண்டு. உறையில் போட்டுக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கியவர் நான். ஒரு நாள் ஒரு பெரியவர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "உனக்கு எவ்வளவு தருகிறார்கள் தம்பி?" என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்தபடி, "நான் மாணவன் ஐயா" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

உளவியல் துறைக்குக் காசு கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கட்டளைக்கு மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்று சோதித்த மில்கிராம், 1961இல் மின்னதிர்ச்சிப் பொத்தானை அழுத்த வந்தவர்களுக்கு நான்கு டாலரும் வழிச்செலவுக்கு ஐம்பது சென்ட்டும் கொடுத்தார். 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்காக அமைத்த போலிச் சிறையில் கைதியாக இருக்க நாளொன்றுக்குப் பதினைந்து டாலர். சோதனைக்கு உட்காருபவருக்குக் கூலி, அதே அறையில் தரவு சேகரிப்பவருக்குச் சான்றிதழ்.

"பணம் கொடுத்தால் உண்மையான ஆர்வம் போய்விடும், டெசியைப் படித்ததில்லையா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்திருக்கிறேன் ஐயா. உளவியலாளர் டெசியின் 1971 ஆய்வு, புதிர்க் கட்டைகள், ஒரு புதிருக்கு ஒரு டாலர், காசு நின்றதும் புதிரில் ஆர்வம் குறைந்தது. அடுத்து 1973இல் லெப்பர் குழு செய்ததையும் நீங்கள் படித்திருக்கலாம். படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. அந்தப் பரிசு என்ன தெரியுமா? தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ்.

"சம்பளம் இல்லாமல் செய்த எங்களுக்கு அந்த அனுபவம் பொக்கிஷமாக இருந்ததே" என்பவர்களுக்கு 1959ஆம் ஆண்டின் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் ஆய்வு. ஒரு மணி நேரம் நூல்கண்டுகளை அடுக்கி, ஆப்புகளைத் திருகும் சலிப்பான வேலை. பிறகு அடுத்து வருபவரிடம் "சுவையாக இருந்தது" என்று பொய் சொல்ல வேண்டும். இருபது டாலர் வாங்கியவர்களைவிட ஒரு டாலர் வாங்கியவர்கள்தான் அந்த வேலை நன்றாகவே இருந்தது என்று தாங்களே நம்பினார்கள். ஒரு டாலருக்கே அப்படியென்றால், சும்மா செய்த நாம் எதையெல்லாம் நம்பியிருப்போம்?

நிதி இல்லை என்பது மட்டும் நியாயமான வாதம். சிறிய துறைகளின் நிலை எனக்குத் தெரியும். சொந்தப் பையிலிருந்து மாணவர்களுக்கு வழிச்செலவு கொடுத்த ஓர் ஆசிரியரையும் தெரியும். அவரை நான் இதில் சேர்க்கவில்லை. ஆனால் காசு இல்லையென்றால் எட்டு வாரத்தை மூன்றாக்கலாம், முழுநாளை அரைநாளாக்கலாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களின் ஆய்வு அனுபவத்துக்கென்றே தனியாக நிதி ஒதுக்குகிறது. அங்கே மாணவருக்கான உதவித்தொகை திட்டச் செலவிலேயே ஒரு வரி. மனம் இருந்தால் அந்த வரியை எங்கும் எழுதலாம்.

"முதலில் அவர்களால் தொல்லைதான், உதவி இல்லை" என்கிறார்கள். முதல் இரண்டு வாரம் உண்மைதான். மீதி ஆறு வாரம்?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நானும் இதேபோல் சம்பளமில்லாத எட்டு வாரப் பயிற்சிக்குப் போனவன். அந்தக் கோடையில் நாங்கள் இருவர் சேர்ந்தோம், நானும் ஒரு தோழியும். இரவுப் பணி செய்பவர்களின் நேர்காணல்கள். ஒரே பேச்சை இருவரும் தனித்தனியாகப் படித்து, களைப்பு, பயம், குற்றவுணர்வு என்று குறியிட வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதற்குக் கப்பா என்று ஒரு கணக்கு உண்டு, ஒன்று என்றால் முழுப் பொருத்தம். எங்களுக்கு 0.83 வந்தது. ஒத்துப்போகாத இடங்களிலும் பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. "வீட்டுக்குப் போனால் குழந்தை தூங்கியிருக்கும்" என்ற வரிக்கு நான் களைப்பு என்று போட்டேன். அவள் குற்றவுணர்வு என்று போட்டு, அந்தப் பெண் அடுத்து எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். பதினோரு விநாடி.

மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. கோடையில் அவள் சம்பாதித்தால்தான் அடுத்த பருவக் கட்டணம். "ஈடுபாடு போதவில்லை" என்று அங்கே ஒருவர் சொன்னார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இடத்துக்கு வந்தவருடன் 0.61.

பணக்கார நாடுகளின் படித்தவர்களை மட்டும் ஆராய்ந்துவிட்டு மனித மனமே இப்படித்தான் என்கிறோம் என்று 2010இல் ஹென்ரிக் குழு எழுதியதைக் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு மேற்கோள் காட்டுகிறோம். வினாத்தாளைக் கையில் பிடித்திருப்பவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கோடையைச் சும்மா கொடுக்க முடிந்தவர்களுக்கே பரிந்துரைக் கடிதம், அவர்களுக்கே முதுநிலை இடம், பிறகு அவர்களே அறிவிப்பு எழுதுகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். எட்டு வாரமும் என் அப்பா சோறு போட்டார்.

நேற்று அந்த அறிவிப்பை அவளுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"நமக்கும் எட்டு வாரம்தானே?"