கேனில் கிணறு இருக்கும் ஊரின் பேர் வேண்டும்

தண்ணீரை அடைத்து விற்பதே பாவம் என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. விற்கட்டும். எந்த மண்ணில் எடுத்தோம் என்று சொல்லி விற்கட்டும், அந்த மண்ணுக்கு ஒரு காவலும் இருக்கட்டும். பிரான்சில் ஒரு கிராமத்து ஊற்றின் கதையைப் படித்த பிறகு இந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதிப்பட்டுவிட்டது.

தென் பிரான்சில் வெர்ஜேஸ் என்றொரு கிராமம். அங்கே பூமிக்கடியில் வாயு கலந்து, உலையில் கொதிப்பது போலக் குமிழி விடும் ஊற்று. 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. 1898-இல் லூயி பெரியே என்ற மருத்துவர் அதை வாங்கினார். பிறகு அது ஹார்ம்ஸ்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் கைக்குப் போனது. டெய்லி மெயில் பத்திரிகைக் குடும்பத்துப் பையன். டாக்டரின் பெயரையே தண்ணீருக்கு வைத்தார். 1906-இல் நடந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. உடம்பு தேற அவர் கையில் எடுத்துச் சுழற்றியது எது தெரியுங்களா? நம்ம கர்லாக்கட்டை. உலகமே பார்த்த அந்தப் பச்சைப் பாட்டிலின் வடிவம் அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான். நம்ம ஊர்த் தாலீம்களில், அதாவது உடற்பயிற்சிக் கூடங்களில், தாத்தாமார் சுற்றிய கட்டை ஒரு பிரெஞ்சு ஊற்றுக்கு முகமாகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

சரி, ஊற்றுக்கு வருவோம். 1990-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரில் பென்சீன் என்ற புற்றுநோய் தரும் ரசாயனம் இருப்பது தெரிந்தது. உலகம் முழுக்க சுமார் 16 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள். வாயுவைச் சுத்தம் பண்ணும் வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றாமல் விட்டதுதான் காரணம். தண்ணீரையும் வாயுவையும் தனித்தனியாக எடுத்து ஆலைக்குள் கலக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 1992-இல் நெஸ்லே வாங்கியது. 2024 ஜனவரியில் இன்னொரு பூதம் கிளம்பியது: பிரான்சில் தன்னுடைய ஊற்று நீர்களில் புறஊதாக் கதிரும் கரி வடிகட்டியும் பயன்படுத்தியதை நெஸ்லேவே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, கனமழைக்குப் பிறகு பெரியே கிணறு ஒன்றில் மலக்கிருமி தெரிந்து 20 லட்சம் பாட்டில்களை அழித்தார்கள்.

வடிகட்டுவது நல்லதுதானே என்று கேட்கலாம். ஐரோப்பியச் சட்டப்படி 'இயற்கைக் கனிம நீர்' என்று விற்க வேண்டுமானால் ஊற்றடியிலேயே அடைக்க வேண்டும், கிருமிநீக்கம் செய்யவே கூடாது. அதாவது தண்ணீர் பூமியிலிருந்து வரும்போதே சுத்தமாக வர வேண்டும். ஊற்றுக்கு மேலே இருக்கும் காடு மேடெல்லாம் சுத்தமாக இருந்தால்தான் அது நடக்கும். பிரான்சிலேயே வித்தெல் என்ற இன்னொரு ஊற்றில், உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் ஏறத் தொடங்கியதும் கம்பெனியே சுற்றுவட்டார விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, மக்காச்சோளத்தையும் ரசாயனத்தையும் விடச் சொன்னது. கம்பெனிக்குத் தர்ம சிந்தனை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இடத்தை மாற்ற முடியாது, பெயர் அந்த இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் மண்ணைக் காத்தே ஆக வேண்டிய நிலை.

நம்மிடமும் இரண்டு தரநிலைகள் இருக்கின்றன. இயற்கைக் கனிம நீருக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 13428. நாம் வாங்கும் கேன் தண்ணீருக்கு ஐ.எஸ். 14543. இந்த இரண்டாவது வகையை எந்த போர்வெல்லிலும் எடுக்கலாம், ஆர்.ஓ. போட்டு, அதாவது சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்துச் சுத்தம் பண்ணி, அடைக்கலாம். போர் வற்றினால் அடுத்த தோட்டத்தில் இன்னொன்று. அதற்கு ரிக் வண்டி தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை, இந்தியா முழுக்கத் துளை போடுவதே நம்ம திருச்செங்கோட்டு வண்டிகள்தான்.

எங்கள் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனைப் பாருங்கள். உரசி உரசி அடிப்பக்கம் வெளுத்திருக்கும். மூடியில் சுருங்கிய பிளாஸ்டிக் உறை, பாதி அழிந்த தேதி, கம்பெனி முகவரி. தண்ணீர் எந்தக் கிணற்றில் எடுத்தது என்று ஒரு எழுத்து இருக்காது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு கேன் ஆலையின் பின்புறம் ஆர்.ஓ. கழிவுக்குழாய் நேராகப் பள்ளத்தில் விழுகிறது. காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார்: "போர் ஓடற நாளெல்லாம் கெணத்துல மட்டம் எறங்குது கண்ணு. யாருகிட்டப் போயிச் சொல்றது?"

நல்ல தண்ணீரின் அருமை தெரியாதவர்களா நாம்? கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் "சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தானே வாடகையே பேசுகிறோம். வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் கைதட்டிச் சுனையிலும் ஆண்டிச் சுனையிலும் எந்த வடிகட்டியும் இல்லாமல் பிடித்துக் குடிக்கிறார்கள். அந்த மலையடிவாரத்தில் பிறக்கும் நொய்யல் திருப்பூரைத் தாண்டியதும் என்ன ஆனது? பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. அணையைச் சுற்றிய கிணறுகள் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றம் ஏறி இறங்கி, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவு வாங்கினார்கள். இன்று சாயக்கழிவைச் சுத்தம் பண்ணுவதும் ஆர்.ஓ., குடிதண்ணீருக்கும் ஆர்.ஓ. எனக்கு இது பெருமையாகத் தெரியவில்லை, வயிறு எரிகிறது.

பெரிய கம்பெனி வந்தால் எதிர்க்க நமக்குத் தெரியும். கேரள எல்லையைத் தாண்டினால் பிளாச்சிமடை. பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னால் நிற்க, அந்த மக்கள் விடாமல் போராடி, கோகோ கோலா ஆலை 2004-இல் நின்றது. 2015-இல் பெருந்துறை சிப்காட்டில் அதே கம்பெனிக்கு ஒதுக்கிய 71 ஏக்கரை அரசு ரத்து செய்தது. சந்துக்குச் சந்து இருக்கும் சின்ன ஆலைகளை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவர்களை மூடச் சொல்லவில்லை நான். பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன, உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு அந்தக் கேன் இல்லாமல் முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான்: எந்த ஊர், எத்தனை அடி போர், தினமும் எத்தனை லிட்டர், இந்த மூன்றையும் கேனில் அச்சடிக்க வேண்டும். ஆலை வாசலில் பலகையாகவும் வைக்க வேண்டும். ஆர்.ஓ. கழிவு எங்கே போகிறது என்பதை ஊராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நடக்கும் கிராமசபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்கப் போகிறேன். வாசகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் இங்கேயே போடுகிறேன். உங்கள் ஊராட்சிக்கு ஏற்ற மாதிரி மாற்றி எடுத்துக்கொள்ளுங்க.