படிவத்தில் காலியாக நின்ற கட்டம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பது ஆண்டு சிறைவாசம் முடிந்து வீடு திரும்பிய ஒருவருடன் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். அடையாள அட்டையைப் புதுப்பிக்கும் எளிய வேலைதான். பெயர், பிறந்த தேதி என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தவர், 'கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த முகவரி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார். பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, அடுத்தவர் காதில் விழாதபடி, "அண்ணா, இங்க என்னத்த எழுதட்டும்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சிறையின் முகவரியை எழுதினால் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். வீட்டு முகவரியை எழுதினால் அது பொய்யாகும், பின்னாளில் அந்தப் பொய்யையே காரணம் காட்டி அவரை மறுபடி நிறுத்தி விசாரிக்கவும் முடியும். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் திரும்பிவிட்டோம். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் மீண்டும் போனோம், வேலை முடிந்தது. தனியாகப் போயிருந்தால் இரண்டாம் முறை அந்தப் படியை மிதித்திருக்க மாட்டேன் என்று அவர் பின்னர் சொன்னார்.

சிறையிலிருந்து திரும்புகிறவருக்கு ஊரும் உறவும் என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, இரண்டாம் முறையும் உடன் வர ஓர் ஆள் வேண்டும் என்பதையே பதிலாகச் சொல்லி வருகிறேன். கேட்பதற்கு இது மிகச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஓர் ஆள் இல்லாததால் பாதியில் நின்றுபோன மனுக்களையும், போகாமல் விட்ட நேர்காணல்களையும், தவறவிட்ட மருத்துவச் சந்திப்புகளையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இது என் சொந்த ஆசை மட்டுமல்ல. கைதிகளை நடத்துவது குறித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-ல் திருத்தி ஏற்ற குறைந்தபட்ச விதிகளுக்கு நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர். கைதி விடுதலையானதும் சமூகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை என்று அவற்றில் 90-ஆவது விதி தெளிவாகக் கூறுகிறது. 108-ஆவது விதி இன்னும் இறங்கி வந்து பேசுகிறது. உரிய ஆவணங்களும் அடையாளச் சீட்டுகளும், போய்த் தங்க இடமும் வேலையும், பருவத்துக்கு ஏற்ற உடையும், ஊர் போய்ச் சேரவும் விடுதலையை ஒட்டிய நாட்களில் வாழவும் போதுமான பணமும் அவருக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இதை எழுதியவர்கள் வெளியே வரும் ஒருவருக்கு முதல் நாளில் என்னென்ன இல்லாமல் போகும் என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். ஆவணங்களை முதலில் வைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

முதல் நாட்களை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2007-ல் வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறப்பதற்கான அபாயம், அதே மாநிலத்தின் மற்ற குடிமக்களைவிட 12.7 மடங்கு அதிகமாக இருந்தது. முதன்மைக் காரணம் அளவுக்கு மீறிய போதை மருந்து. உள்ளே இருந்த காலத்தில் உடல் அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும், மனம் மறந்திருக்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்துக்கொள்பவரின் உடல் அதைத் தாங்குவதில்லை. வீட்டுக்கு வந்த பையன் கொஞ்ச நாள் யாரையும் பார்க்காமல் ஓய்வெடுக்கட்டும் என்று நல்ல மனத்தோடு ஒதுங்கிக்கொள்ளும் உறவினர்கள் இந்த ஓர் எண்ணையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையைப் பற்றிப் பேசும்போது, உழைக்க விரும்புகிறவனுக்கு எங்கும் வேலை கிடைக்கும் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். சமூகவியலாளர் தேவா பேஜர் 2003-ல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஏறத்தாழ ஒரே மாதிரியான தகுதியும் தோற்றமும் கொண்ட இளைஞர்களை இணை இணையாக வேலை கேட்டு அனுப்பினார். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் சிறை சென்றவராகத் தம்மைக் காட்டிக்கொள்வார். அடுத்த வாரம் அந்தப் பொறுப்பு மற்றவருக்கு மாறும். வெள்ளையர்களில் தண்டனைப் பதிவு இல்லாதவராக வந்தவர்களுக்கு 34 விழுக்காடு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. பதிவு உள்ளவராக வந்தவர்களுக்கு 17. கறுப்பினத்தவருக்கு இது முறையே 14, 5. சிறைக்கே போகாத கறுப்பின இளைஞருக்கு, சிறைக்குப் போன வெள்ளை இளைஞரைவிடக் குறைவான அழைப்பு. ஆள் அதே ஆள்தான், தாளில் இருந்த ஒரு வரி மட்டுமே வாரத்துக்கு வாரம் மாறியது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்கள் மீது அந்த வரி இன்னும் பாரமாக விழுந்தது.

இத்தனையையும் இன்று யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு தாய், அல்லது ஒரு மனைவி, அல்லது ஓர் அக்கா. நான் குறிப்பிட்ட அந்த நண்பர், வீடு திரும்பிய பிறகும் மாலை ஆறு மணி ஆனால் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "பூட்டுற நேரம் தம்பி, உடம்புக்குத் தெரியுது போல" என்று அவருடைய அம்மா என்னிடம் சொன்னார். வழக்குக்காகவும் மனு போட்டுச் சந்திப்பதற்காகவும் ஒன்பது ஆண்டுகள் அலைந்தவர் அவர். மகன் வந்த பிறகு அவனுக்குக் காவலாகவும், தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்பவராகவும், வேலை தேடித் தருபவராகவும் அவரே நின்றார். ஆறே மாதத்தில் அவர் படுத்துவிட்டார். குடும்பம் இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சை நான் ஏற்க மறுப்பது இதனால்தான்.

சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வழி ஒன்றைக் கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994-ல் மெனனைட் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறிய திருச்சபையினர் தொடங்கினார்கள். பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, முழுத் தண்டனையும் கழித்து, அதனாலேயே எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் வெளியே வந்த ஒருவரைச் சுற்றி, தன்னார்வலர் சிலர் ஒரு வட்டமாக நின்றார்கள். ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவர்கள் அவருக்கு வீடு பார்ப்பதிலும் மருத்துவரிடம் அழைத்துப் போவதிலும் உதவினார்கள்; எங்கே இருந்தாய், யாருடன் இருந்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கவும் செய்தார்கள். ஆதரவு, பொறுப்புடைமை என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே இந்த வட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். இனி ஒருவரும் பாதிக்கப்படக் கூடாது, ஒருவரையும் தூக்கி எறியக் கூடாது என்ற இரண்டும் அவர்களுக்கு ஒரே கொள்கையின் இரு பாதிகள். பின்னர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், வட்டம் கிடைத்தவர்கள் மீண்டும் கைதாவது குறைந்திருந்தது.

குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் இதைப் படித்தால், எங்களுடன் வருவதற்கு யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. அவர்களுக்கும் ஆள் வேண்டும், அவர்களுக்கே முதலில் வேண்டும். அவர்களிடம் போய் மன்னித்துவிடுங்கள் என்று கேட்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. திரும்பி வந்தவர் அவர்கள் கண்ணில் படாமல் எங்கே குடியிருப்பது, எந்த வழியாகப் போவது என்று அவருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதும் உடன் நிற்பவரின் வேலையே.

ஆபத்து இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஜப்பானில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஹோகோஷி எனப்படும் 40,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், ஊதியம் எதுவும் பெறாமல், திரும்பி வந்தவர்களைப் பெரும்பாலும் தங்கள் சொந்த வீட்டுக்கே அழைத்துப் பேசிவருகிறார்கள். அவர்களில் மிகப் பலர் அறுபதைக் கடந்தவர்கள். 2024 மே மாதத்தில் ஓட்சு நகரில் அப்படி ஒருவர் தம் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவருடைய பொறுப்பில் இருந்த ஒருவரே கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. தனி ஒருவர் தலையில் இந்த வேலையைக் கட்டக் கூடாது, சந்திப்பதற்குப் பொது இடம் வேண்டும், இருவராகப் போக வேண்டும், பயிற்சி வேண்டும் என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இந்த வேலையையே விட்டுவிட வேண்டும் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் நண்பரின் கதையில் மாற்றம் வந்தது அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவரால். ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்னதாக வாசலில் வந்து நின்று, "நடக்கப் போறேன், வர்றியாப்பா?" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் நாள் ஆறு மணி ஆனதும் நண்பர் பாதித் தெருவில் நின்றுவிட்டாராம். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் கூடவே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் மறுபடி நடந்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் திரும்பி வர ஏழரை ஆகிவிடுகிறது.