எச்சில் பரிசோதனையில் கஷ்டமானது வேதியியல் இல்லை, எச்சில்தான்

எச்சிலை வைத்து வைரஸைக் கண்டுபிடிக்கும் மலிவு பரிசோதனை என்றாலே பேச்சு கிட் விலையில் போய் நிற்கிறது. கிட்டுக்குள் இருக்கும் சரக்கு மலிவாகி நாளாயிற்று. பரிசோதனை சொதப்புவது அதற்கு முன்னால்: எச்சில் குழாயில் விழும்போது, அதைச் சூடாக்கும்போது.

2020ல் பிசிஆருக்கு, அதாவது வைரஸின் மரபணுப் பகுதியைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் கொரோனா பரிசோதனைக்கு, காசையும் நேரத்தையும் தின்றது வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் வேலை. அதற்கான கிட்டுகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வேறு. அந்த வேலையே வேண்டாம் என்று யேல் பல்கலைக்கழகக் குழு கொண்டுவந்த முறைதான் சலைவாடைரக்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவசரகால அனுமதி கொடுத்தது. 50 மைக்ரோலிட்டர் எச்சிலில் கொஞ்சம் புரோட்டீனேஸ் கே என்ற நொதி, ஒரு நிமிடம் குலுக்கல், 95 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம், அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர் நேராக பிசிஆருக்கு. அவ்வளவுதான். கொரோனா ஆர்என்ஏ வெறும் எச்சிலில் அறை வெப்பத்திலேயே நாள்கணக்கில் தாங்குகிறது; பதப்படுத்தும் திரவம் ஊற்றிய விலையுயர்ந்த குழாய்கள் தேவையே இல்லை. (விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.)

இனி எச்சிலுக்கு வருவோம். சும்மா இருக்கும்போது வாயில் நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லிதான் ஊறும். 1 மில்லி வேண்டுமென்றால் மூன்று நான்கு நிமிடம் ஆகும். நுரை கணக்கில் சேராது. "துப்புங்கள்" என்று சொன்னால் பாதிப் பேர் காறித் துப்புவார்கள். வந்து விழும் சளி, திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டின் முனையை அடைத்துக்கொள்ளும். பாதி அளவு ஏறும், மீதி காற்று. முடிவு நெகட்டிவ். தலையைக் குனிந்து, ஊறவிட்டு, தானாக வழியவிடச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய 30 நிமிடம் சாப்பாடு, பானம், புகையிலை, பற்பசை எதுவும் கூடாது. கடைசி நேரத்தில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தால் வைரஸையும் சேர்த்துக் கொப்பளித்தாயிற்று என்று பொருள்.

சூடாக்குவதில் அவசரப்படுபவர்கள் அதிகம். புரோட்டீனேஸ் கே புரதத்தைத் தின்னும் நொதி. வெப்பத்தில் முழுதாகச் சாகாவிட்டால் அடுத்த கட்டத்தில் நகலெடுக்கும் நொதியான நம் பாலிமரேஸையே தின்றுவிடும். கருவியின் திரையில் 95 தெரிந்தவுடன் குழாய்க்குள்ளும் 95 என்று நினைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கித்தான் வரும். கொதிநீர்ப் பாத்திரத்தை நம்புபவர்களுக்கு இன்னொன்று: கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 95 டிகிரியில் கொதித்துவிடும். அதற்கும் மேலே போனால் அந்த வழி உதவாது.

பிசிஆர் இயந்திரம் இல்லாத இடத்துக்கு ஆர்டி-லாம்ப்: வெப்பத்தை ஏற்றி இறக்காமல் ஆர்என்ஏவை நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் முறை. லாம்ப் முறையை ஜப்பானில் நோட்டோமி குழுவினர் 2000ல் வெளியிட்டார்கள். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் நான்கு முதல் ஆறு, பிஎஸ்டி பாலிமரேஸ், 65 டிகிரியில் அரை மணி நேரம். ஒரே வெப்பநிலை போதும் என்பதால் சாதாரணச் சூடேற்றியே செய்துவிடும். பிரபலமானது, ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்து இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதைப் பார்க்கும் வகை. படம் எடுக்க அழகாக இருக்கும். எச்சிலுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து. அந்தச் சாயம் பார்ப்பது வைரஸை அல்ல, வினையில் உண்டாகும் அமிலத்தை. எச்சிலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் ஆளுக்கு ஆள் 6.2 முதல் 7.6 வரை போகும். புளித்த எச்சில் விழுந்தால் சூடாக்கும் முன்பே குழாய் மஞ்சளாகிவிடும். அதற்குப் பதில் டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் சாயம், நீல எல்இடி, ஆரஞ்சு வடிகட்டி போடுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் தலைவலி குறையும். ஃபீனால் ரெட் மட்டுமே கையில் இருந்தால் சூடாக்கும் முன் ஒரு படம் எடுத்துவைத்து, அப்போதே மஞ்சளாக இருப்பதை ஒதுக்குங்கள். 30 நிமிடத்தில் முடிவைப் படித்துவிட வேண்டும். "இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமே" என்று விட்டால் பிரைமர்கள் தமக்குள்ளேயே ஒட்டிப் பெருகி, வைரஸே இல்லாத குழாயும் பாசிட்டிவ் காட்டும்.

வினை முடிந்த குழாயைத் திறக்கவே கூடாது. உள்ளே கோடிக்கணக்கான நகல்கள் இருக்கின்றன. ஒரு மூடி திறந்தால் போதும், மறுநாளிலிருந்து வெறும் தண்ணீர் போட்ட குழாயும் பாசிட்டிவ் ஆகும். வாரக்கணக்கில் பிளீச் போட்டுத் துடைக்க வேண்டியிருக்கும். கலவை தயாரிக்கும் மேசை வேறு, எச்சில் சேர்க்கும் மேசை வேறு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தண்ணீர்க் குழாயும், ஆர்நேஸ் பி போன்ற மனித மரபணுவைத் தேடும் சோதனையும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நெகட்டிவ் என்பது வைரஸ் இல்லை என்பதா, எச்சிலே சரியாக விழவில்லை என்பதா, தெரியாது.

எவ்வளவு குறைந்த வைரஸைக்கூடப் பிடிக்கும் என்ற நுண்ணுணர்வைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வினையில் சேர்ப்பது 2 மைக்ரோலிட்டர். அதில் சராசரியாக ஒரு நகல்தான் வரும் என்றால், ஒன்றுமே வராமல் போக 37 சதவீத வாய்ப்பு. மூன்று நகல் என்றால் 5 சதவீதம். எந்த நொதியாலும் இதை மாற்ற முடியாது. எச்சிலைக் கூடுதலாக ஊற்றினால் அதிலுள்ள பொருட்களே வினையைத் தடுக்கும். ஆகவே சுமாரான சோதனையை வாரம் இருமுறை செய்வது, அருமையான சோதனையை ஒருமுறை செய்து மூன்று நாள் காத்திருப்பதைவிட மேல். மறுபக்கம், தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் சோதனையை, ஆயிரத்தில் ஒருவருக்கே தொற்றுள்ள கூட்டத்தில் செய்தால், உண்மையான ஒருவருக்குப் பத்துப் பேர் பொய்யாக மாட்டுவார்கள். வேறொரு மரபணுவைத் தேடும் இரண்டாவது சோதனையோடுதான் முடிவைச் சொல்ல வேண்டும்.

எல்லா வைரஸுக்கும் ஒரே எச்சில் என்பதும் இல்லை. வீட்டில் செய்யும் எச்ஐவி வாய்ச் சோதனை தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அதுவும் ஈறில் கசியும் திரவத்தில். ஈறை மேலும் கீழும் ஒருமுறை துடைத்தெடுக்க வேண்டும், துப்பிக் கொடுத்தால் ஆகாது. தொற்றி மூன்று மாதம் வரை அது நெகட்டிவ் காட்டக்கூடும். புட்டாலம்மைக்குக் காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை 30 விநாடி நீவிவிட்டு, கன்னத்தின் உட்பக்கம் துடைத்தெடுக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) பார்ப்பதென்றால் 21 நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும், பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து. தாய்ப்பாலிலேயே அந்த வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், பாசிட்டிவ் வந்தால் சிறுநீரிலும் பார்க்க வேண்டும்.