கார்பன் டை ஆக்சைடு பிளாஸ்டிக் மதுரை வெயிலைத் தாங்குமா?

"கார்பன் டை ஆக்சைடிலிருந்து மக்கும் பை" என்ற செய்தியை ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். நல்ல தொழில்நுட்பம்தான், வரட்டும். ஆனால் மதுரையில் அந்தப் பையை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை டிகிரியில் இளகும்?

இந்தப் பிளாஸ்டிக்கின் அடிப்படை வேதியியலை 1969-இல் ஜப்பானில் வேதியியலாளர் இனோவேயின் குழு கண்டது. மூடிய ஸ்டீல் கலனில் புரொபிலீன் ஆக்சைடு என்ற திரவம், கூடவே துத்தநாக வினையூக்கி, சுமார் 60 டிகிரி சூடு, உயர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு. இவை சேர்ந்து பாலிமர் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலியாகும்; கிடைப்பது பாலிபுரொபிலீன் கார்பனேட் என்ற பிளாஸ்டிக். ஈரம் பட்டால் அந்தச் சங்கிலி நீளாமல் குட்டையாக நின்றுவிடும், பை கிழியும். சூடு எல்லை மீறினாலோ சங்கிலியின் நுனி திரும்பித் தன்னையே கடித்து, பிளாஸ்டிக்குக்குப் பதில் புரொபிலீன் கார்பனேட் என்ற திரவம் தங்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைக்கும் பொருளின் எடையில் கார்பன் டை ஆக்சைடு 43 சதவீதம்தான். மிச்சமுள்ள புரொபிலீன் ஆக்சைடு இன்றைக்கும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. இதைச் சொல்லாமல் "காற்றில் செய்த பை" என்று விற்பது தப்பு.

தாவர வழியும் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீனை ஆக்சைடாக்கி, அதோடு இந்த வாயுவைச் சேர்த்து 2004-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோட்ஸ் குழு பாலிமர் செய்தது. ஆனால் செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் மக்கிவிடாது. இரண்டும் வேறு வேறு விஷயம்.

இப்போது வெயிலுக்கு வருவோம். முதலில் சொன்ன பாலிபுரொபிலீன் கார்பனேட் 35 முதல் 40 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். சித்திரைத் திருவிழா சமயத்தில் நம்மூர் வெயில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. மாட்டுத்தாவணியில் வெயிலில் நிற்கும் லாரிக்குள் கட்டுக்கட்டாக அடுக்கிய பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வரும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பிளாஸ்டிக் போன்றவற்றைக் கலக்கிறார்கள். அது 55 டிகிரிக்கு மேல்தான் இளகும். ஆனால் அது மக்கவும் அதே அளவு சூடு வேண்டும்! மக்கும் பைக்கான ஐஎஸ்ஓ 17088 என்ற சர்வதேசத் தரச் சோதனை நடப்பதே 58 டிகிரி உரக்குவியலில். வீட்டு உரத்தொட்டியில் அந்தச் சூடு நிலைத்து நிற்காது, சாக்கடையில் பேச்சே இல்லை.

இந்த வாயு இல்லாமல் வெறும் மாவுச்சத்தில் படலம் வருமா என்று கேட்டால், மரவள்ளி ஸ்டார்ச் படலம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 10 கிராம் ஸ்டார்ச், 100 மில்லி தண்ணீர், 3 கிராம் கிளிசரின். கிளறிக்கொண்டே காய்ச்சினால் 70 டிகிரி வாக்கில் வெண்மை போய்க் கண்ணாடிபோல் கெட்டிப்படும். தட்டில் மெல்லிசாக ஊற்றி நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டு வெடிக்கும். கிளிசரின் கூடினால் பிசுபிசுக்கும், குறைந்தால் நொறுங்கும். ஈரமான மல்லிகைப்பூவை இதில் கட்டினால் படலமே ஊறிப்போய்விடும். பூவுக்கு வாழை இலையும் மந்தாரை இலையும் போதும்.

பை வாங்கும் கடைக்காரர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி இந்தப் பைகளைத் தனியாகச் சேகரித்து, சூடு அளந்து பராமரிக்கும் உரக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். குப்பைக் கிடங்கில் மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொட்டினால், கூடுதல் விலை கொடுத்து வாங்கியதற்குப் பயனே இல்லை.