பணம்தான் திரும்பி வந்துடுச்சே, இன்னும் என்ன கேள்வின்னு கேட்கிறவங்களுக்கு

சனிக்கிழமை சங்க விருந்துல நடந்தது ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கிற நம்ம ஆளுங்க பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு யாராவது உப்பு காரம் சேர்த்துச் சொல்லியிருப்பாங்க. நான் இட்லி மாவு விக்கிறவ. தென்னாப்பிரிக்க அரசாங்க மின்சாரக் கம்பெனி எஸ்காம், மெக்கின்சிங்கற அமெரிக்க ஆலோசனைக் கம்பெனி மாதிரி கன்சல்டன்ட்டுகளுக்குக் கொடுத்த பணத்துக்கெல்லாம் கணக்கை வெளியிடணும்னு ஒரு பதிவு போட்டிருந்தேன். விருந்துல அந்தப் பேச்சு வந்தது. "மெக்கின்சி பணத்தைக் கட்டிட்டாங்க, அபராதமும் கட்டிட்டாங்க, மேட்டர் ஓவர். மாவு வியாபாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. மேஜையே சிரிச்சது. சரி, சிரிச்சுட்டுப் போகட்டும்.

மேட்டர் ஓவர் இல்லை தம்பி. பணம் திரும்பி வர்றது வேற, கணக்குக் காட்டுறது வேற.

2016-ல் எஸ்காமைத் திருத்துறோம்னு மெக்கின்சி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. நிலையான கட்டணம் கிடையாது, மிச்சம் பிடிச்சுக் கொடுக்கிறதுல ஒரு பங்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு மிச்சமாச்சுன்னு யார் கணக்குப் போட்டது? அதை நம்ம யாராவது பார்த்தோமா? இப்படிக் கட்டணம் வைக்க தேசியக் கருவூலத்தோட அனுமதி வேணும், அதுவும் வாங்கலை. சில மாசத்துலயே வேலை நின்னுபோச்சு, ஆனா ஏறக்குறைய 160 கோடி ராண்ட் கைமாறிடுச்சு. அதுல 60 கோடிக்குக் கிட்ட, அப்போதைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான குப்தா குடும்பத்துக் கூட்டாளியோட டிரில்லியன் கம்பெனிக்கு. எஸ்காமோட அந்தக் கம்பெனிக்கு ஒரு ஒப்பந்தம்கூட இல்லை! டிரில்லியனுக்குக் காசே கொடுக்கலைன்னு முதல்ல சாதிச்ச எஸ்காம், 2017-ல் ஆமாம் கொடுத்தோம்னு ஒத்துக்கிச்சு. மெக்கின்சி 2018-ல் மன்னிப்புக் கேட்டு, வட்டியோட 100 கோடி ராண்ட் திருப்பிக் கொடுத்தது. 2019-ல் கோர்ட்டு அந்த ஒப்பந்தத்தையே ரத்து பண்ணி, டிரில்லியனையும் பணத்தைக் கட்டச் சொன்னது. 2024 டிசம்பர்ல அமெரிக்க நீதித்துறை 12 கோடி டாலருக்கு மேல அபராதம்னு அறிவிச்சது. எஸ்காம் தலைமை அலுவலகம் மேகாவாட் பார்க்குல நடந்த கூத்துக்கு நியாயம் கேட்க வாஷிங்டன் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, எட்டு வருஷம் கழிச்சு. இதைத்தான் நீங்க ஓவர்ங்கறீங்க.

எங்க வீடு சன்னிங்ஹில்ல. மேகாவாட் பார்க் கூப்பிடு தூரம். 2023-ல், எப்ப கரண்ட் போகும்னு காட்டுற ஈஎஸ்பி ஆப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அரிசி ஊறப்போடுவேன். கிரைண்டர் பாதி உளுந்துல நிக்கும், இரண்டரை மணி நேரம். ஃப்ரிட்ஜுல வெச்ச மாவு புளிச்சுப் பொங்கி வழியும். அந்த ஏப்ரல்லதான் கட்டணத்தை 18.65 சதவீதம் ஏத்தினாங்க. கரண்ட் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து விலை ஏறுன அதிசயம் அது. அதனால சம்பந்தம் இருக்கு தம்பி. ரொம்பவே இருக்கு.

"கன்சல்டன்ட்டே வேண்டாம்னா எப்படி?"ன்னு அடுத்து கேட்பீங்க. வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? கருவூலம் விஜிபிஇங்கற ஜெர்மன்காரங்களை வெச்சு நிலக்கரி நிலையங்களை எல்லாம் ஆராயச் சொல்லுச்சு. அந்த அறிக்கையை 2024-ல் வெளியிட்டும் ஆச்சு. எஸ்காம் நிர்வாகத்தைப் பத்திக் கடுமையாவே எழுதியிருக்காங்க. வெளியிட்டதால வானம் இடிஞ்சு விழலையே. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: யாரைக் கூப்பிட்டீங்க, எதுக்கு, எவ்வளவு கொடுத்தீங்க, என்ன எழுதிக் கொடுத்தாங்க, நம்ம ஆளுங்களால அது ஏன் முடியலை.

"வணிக ரகசியம்" இன்னொரு பதில். வெளியிட்டா போட்டியில கம்பெனிக்கு நஷ்டம் வருமாம். 2000-ஆம் வருஷத்துத் தகவல் சட்டத்துலயே சட்டத்தைப் பெருசா மீறினது தெரியவரும், பொதுநலனும் பெருசுன்னா ரகசியத்தை மீறி வெளியிடணும்னு இருக்கு. அரசியலமைப்போட 217-வது பிரிவு அரசாங்கக் கொள்முதல் வெளிப்படையா இருக்கணும்னே சொல்லுது. இதுக்கு மேல நான் வாதாடலை.

"2024 மார்ச்சுக்கு அப்புறம் கரண்ட் போறது ரொம்பக் குறைஞ்சுடுச்சே"ங்கறது கொஞ்சம் நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். ஆனா கரண்ட் வந்தா கணக்குக் கேட்கக் கூடாதா?

எங்க அப்பா ஊர்ல லைன்மேனா இருந்தவர். புயல்ல அறுந்த கம்பியை மாத்தினா, பழைய அலுமினியக் கம்பியைச் சுருட்டி எடை போட்டு ஸ்டோர்ல ஒப்படைச்சு கையெழுத்து வாங்கணும். எடை குறைஞ்சா எழுதிக் கொடுக்கணும். ராத்திரி மழைல கம்பம் ஏறி இறங்கி வந்த மனுஷன், காலைல முழங்கை அளவு கம்பிக்குப் பதில் சொல்லுவாரு. அதை அவர் அவமானமா நினைச்சதே இல்லை. கோட்டு போட்டவங்ககிட்ட கேட்டா மட்டும் ஏன் கேட்கிறவங்களுக்கு ஸ்ட்ராட்டஜி புரியாமப் போயிடுது?

இதெல்லாம் வெளிய வந்ததுக்கு அந்த டிரில்லியன் உள்ள இருந்த ரெண்டு பொம்பளைங்க முக்கியக் காரணம். பியாங்கா குட்சன், மொசிலோ மொதேபு. வேலையை விட்டுட்டு வந்து வாயைத் திறந்தாங்க. அதுக்கு நிம்மதி போச்சு, வேற இடத்துல வேலை கிடைக்கிறதும் கஷ்டமாச்சு. மெக்கின்சி மன்னிப்புக் கேட்டு, அபராதம் கட்டி, இன்னிக்கும் கடை திறந்து வெச்சிருக்கு. இவங்களுக்கு என்ன திரும்பி வந்தது? அதைப் பத்தி மேஜைல யாரும் பேசலை. பேசினவளைப் பார்த்துச் சிரிச்சீங்க. உங்க வீட்டுக் கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் இட்லி மாவு வாங்கினப்ப யாரும் சிரிச்ச ஞாபகம் இல்லை.

பதிவை எடுத்துடுங்கன்னு காலைல இருந்து மெசேஜ் வருது. எடுக்க மாட்டேன். 2024-ல் எஸ்காம் அடுத்த வருஷத்துக்கு 36 சதவீத உயர்வு கேட்டு, மின்கட்டணத்தை முடிவு பண்ற நெர்சா முன்னாடி நின்னுச்சு. அந்த 36-ல் கன்சல்டன்ட்டுகளுக்குப் போக இருந்தது எவ்வளவு, எந்த ஒப்பந்தத்துக்கு, யார் கையெழுத்துல? தெரிஞ்ச தம்பிங்க இங்கயே எழுதலாம். மாவு விக்கிறவளுக்குப் புரியற மாதிரி எழுதினா போதும்.